கூலிங் டவருக்குள் ஒரு நெளித்தகடு

கூலிங் டவருக்கு ஃபில்ஸ் என்னும் பிளாஸ்டிக் நெளித்தகட்டுக் கட்டுகளை ஏற்றிப் போகும் லாரி பெரும்பாலும் காற்றைத்தான் சுமந்து போகிறது. பார்வைக்கு மலை போல அடுக்கி, தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியிருப்பார்கள். எடை மேடையில் ஏற்றிப் பார்த்தால் பாரமே இருக்காது. ஒரு கன மீட்டர் ஃபில்ஸில் பிளாஸ்டிக் என்று இருப்பது முப்பது, முப்பத்தைந்து கிலோ. நூற்றில் தொண்ணூற்றேழு பங்கு வெறும் இடைவெளி. அதனால்தான் தூரத்து ஊருக்கு அனுப்பும்போது கட்டாக ஒட்டாமல், தகடுகளை ஒன்றின் மேல் ஒன்று படிய அடுக்கி அனுப்பிவிட்டு, டவர் நிற்கும் இடத்திலேயே ஒட்டிக்கொள்வதும் உண்டு. லாரி வாடகை மிச்சம்.

ஆனால் வாங்குகிறவர் காசு கொடுப்பதே அந்த இடைவெளிக்குத்தான். 19 மில்லிமீட்டர் நெளி கொண்ட ஒரு கன மீட்டர் கட்டைப் பிரித்துத் தகடுகளின் இரு பக்கத்தையும் விரித்துப் போட்டால் சுமார் 150 சதுர மீட்டர் வரும். சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. நெளியை 12 மில்லிமீட்டராகக் குறுக்கினால் முழு கிரவுண்டையே அந்த ஒரு கன மீட்டருக்குள் மடித்து வைத்துவிடலாம். இத்தனை பரப்பில் தண்ணீரைக் காகிதம் போல மெலிதாகப் பரப்பி, அதன் மேல் காற்றை ஓட விடுவதுதான் ஃபில்ஸின் ஒரே வேலை. அது தானாக எதையும் குளிர வைப்பதில்லை.

தகடு பிறப்பது உப்பிலும் எண்ணெயிலும். அதன் பிளாஸ்டிக்கான பிவிசியின் எடையில் 57 சதவீதம் குளோரின். அது சாப்பாட்டு உப்பிலிருந்து வருவது. மீதி, பெட்ரோலியத்தின் வழியாக வரும் எத்திலீன். கடலூரில் கெம்ப்ளாஸ்ட் சன்மார் நிறுவனத்தின் ஆலை 2009 முதல் பிவிசி தயாரிக்கிறது. கப்பலில் வரும் வினைல் குளோரைடைக் கடலோர முனையத்தில் இறக்கி, வெள்ளைத் தூளாக்கி மூட்டை பிடிக்கிறார்கள். இப்படிப் பல ஆலைகளிலிருந்து வரும் தூள்தான் பைப்பாகிறது, ஜன்னல் சட்டமாகிறது, மின்கம்பியின் உறையாகிறது. கொஞ்சம் ஃபிலிம் சுருளாகி ஃபில்ஸ் செய்கிறவரிடம் வந்து சேருகிறது.

சுருளின் கனம் கால் மில்லிமீட்டரிலிருந்து அரை மில்லிமீட்டருக்குள். சூட்டில் ஃபிலிம் துவளும் நேரம் பார்த்து அதை வரி வரியான அச்சின் மேல் இழுத்து, அடியிலிருந்து காற்றை உறிஞ்சினால், சட்டென்று அச்சோடு ஒட்டி நெளித்தகடாகிவிடும். நெளிகள் நேராக ஓடாமல் சாய்வாக ஓடும். அடுத்தடுத்த தகடுகளில் சாய்வு எதிர்த் திசையில் அமையும்படி மாற்றி வைத்து, நெளிகள் ஒன்றையொன்று தொடும் புள்ளிகளில் பசை தடவி ஒட்டுகிறார்கள். அதனால் தண்ணீர் ஒரே தடத்தில் வழுக்கி இறங்க முடியாது. ஒவ்வொரு முட்டிலும் பிரியும், சேரும், மறுபடி பிரியும். தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பெரிய நெளிக்கு மேல் பொடிப் பொடியான வரிகளும் தெரியும். பிவிசியில் தண்ணீர் எளிதில் படியாது, முத்து முத்தாக உருண்டு ஓடும். அந்த வரிகள்தான் அதைப் பிடித்துப் பரப்புகின்றன. அப்படியும் புது ஃபில்ஸ் முதல் நாளே முழு வேலை செய்துவிடாது. சில வாரங்கள் நனைந்து பழக வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் அதற்குப் பிறகுதான் டவரைச் சோதித்து ரிப்போர்ட் எழுதுவார்கள்.

இந்தத் தகட்டின் மூதாதை ஒரு முள்செடி. ஜெர்மனியின் உப்பு ஊர்களில், விறகை எரித்து உப்புநீரைக் காய்ச்சுவதற்கு முன், பிளாக்தார்ன் என்னும் முட்செடியின் சுள்ளிகளைச் சுவர் போல உயர அடுக்கி, மேலிருந்து உப்புநீரைச் சொட்ட விட்டார்கள். காற்று பாதித் தண்ணீரைக் குடித்துவிடும், கீழே வந்து சேரும் நீரில் உப்பு ஏறியிருக்கும், விறகு மிச்சம். ஷோனபெக் அருகே பாட் சால்செல்மெனில் 1756-ல் கட்டத் தொடங்கிய அப்படியொரு சுவர் ஏறத்தாழ 1,800 மீட்டர் நீண்டது. அங்கே வேலை செய்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். நாளாக ஆகச் சுள்ளிகளின் மேல் சுண்ணாம்பும் ஜிப்சமும் படிந்து கல்லாக இறுகிவிடும். ‘முட்கல்’ என்றே அதற்குப் பெயர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதுச் சுள்ளி அடுக்க வேண்டும். கூலிங் டவர்காரர்கள் இன்றும் மல்லுக்கட்டும் தொல்லையை அந்த முள்செடி அன்றே பார்த்துவிட்டது.

நீராவி எஞ்சின்களும் மின் நிலையங்களும் வந்த பிறகு தேவை தலைகீழானது. ஆவியாகும் தண்ணீர் யாருக்கும் வேண்டாம். மிஞ்சும் தண்ணீர் குளிர்ந்திருந்தால் போதும். சுள்ளி போய் மரச்சட்டம் வந்தது. அமெரிக்காவில் ரெட்வுட் மரச் சட்டங்களைப் படிப்படியாக அடுக்கினார்கள். விழும் தண்ணீர் சட்டத்தில் மோதிச் சிதறித் துளியாகும், அடுத்த சட்டத்தில் மறுபடி சிதறும். டீ மாஸ்டர் ஒரு கையிலிருந்து மறு கைக்கு உயர இழுத்து ஆற்றுவதன் சூட்சுமம்தான். இந்தச் சட்ட அடுக்கை ஸ்பிளாஷ் ஃபில்ஸ் என்கிறார்கள். மரத்துக்கு இரண்டு எமன்கள். பாசியைக் கொல்லப் போடும் குளோரினும் தண்ணீரின் காரத்தன்மையும் சேர்ந்து மரத்தின் லிக்னினைத் தின்றுவிடும். சட்டம் வெள்ளை நாராகப் பிய்ந்து வரும். இன்னொன்று நெருப்பு. தண்ணீர் ஓடும் வரை பயமில்லை. ஷட்டவுனில் காய்ந்து கிடக்கும்போது ஒரு வெல்டிங் பொறி போதும்.

நடுவில் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் தகட்டின் காலம் ஒன்று வந்து போனது. அழுகாது, எரியாது. பிறகுதான் அதன் நார் நுரையீரலை என்ன செய்யும் என்பது தெரிந்தது. பழைய டவர்களை இடிப்பவர்களுக்கு இன்று அது தனித் தலைவலி.

இதற்கிடையே டவரின் உடம்பும் மாறியது. நடுவில் இடுப்பு சிறுத்து நிற்கும் அந்தப் பிரம்மாண்டமான கான்கிரீட் கூடு, நெதர்லாந்தின் எம்மா அரசுச் சுரங்கத்தில் 1918-ல் வான் இட்டர்சன், கைப்பர்ஸ் என்ற இரு பொறியாளர்கள் எழுப்பியதிலிருந்து தொடங்குகிறது. அனல்மின் நிலையம் என்றதும் நம் கண்ணுக்கு வருவது அந்தக் கூடுதான். உண்மையில் அதன் பெரும்பகுதி வெற்றுப் புகைபோக்கி. காற்றை இழுக்க மட்டுமே. ஃபில்ஸ் இருப்பது அடியில், சிறு உயரத்தில். மேலே வெள்ளையாகக் கிளம்புவதைப் புகை என்று திட்டாதவர்கள் குறைவு. அது நீராவி குளிர்ந்து உண்டான மேகம்.

டவர் எவ்வளவு குளிர்விக்கும் என்பதைக் கணக்குக்குள் கொண்டுவந்தவர் ஃபிரீட்ரிக் மெர்க்கல். 1925-ல் அவர் வெளியிட்ட கணக்கின் சாரம் இது: தண்ணீரின் மேற்பரப்பை ஒட்டி, அதே சூட்டில், ஈரம் நிறைந்த மெல்லிய காற்றுப் படலம் இருக்கிறது. அந்தப் படலத்தின் மொத்த வெப்பச் சத்துக்கும், ஓடிவரும் காற்றின் வெப்பச் சத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் வெப்பத்தைத் தள்ளுகிறது. இதிலிருந்து ஒரு கறாரான எல்லை கிடைக்கிறது. ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் அளவுக்குக் கீழே எந்த டவராலும் தண்ணீரைக் கொண்டுபோக முடியாது. சென்னைப் பக்கம் அதை 28 டிகிரியை ஒட்டி வைத்து டிசைன் செய்வார்கள். அதனால் நல்ல டவரும் 32-க்குத்தான் தரும். ஃபில்ஸ் எவ்வளவு உசத்தியானாலும் மே மாதத்துப் புழுக்கத்தோடு பேரம் பேச முடியாது.

42 டிகிரியில் வரும் தண்ணீர் ஃபில்ஸில் இறங்கி 32-க்கு வரும்போது, ஆயிரம் லிட்டருக்குச் சுமார் பதினைந்து லிட்டர் ஆவியாகிவிடும். அந்தப் பதினைந்து லிட்டர் தன்னோடு எடுத்துப் போகும் வெப்பம்தான் பெரும்பாலும் மீதித் தண்ணீரின் குளிர்ச்சி. அனல்மின் நிலையத்தின் 210 மெகாவாட் யூனிட் ஒன்றின் கண்டென்சருக்கு மணிக்கு ஏறத்தாழ 25,000 கன மீட்டர் தண்ணீர் ஓடும். ஆவியாவது மட்டும் மணிக்கு முப்பது தண்ணீர் லாரி. அதுவும் 12,000 லிட்டர் பெரிய லாரி.

ஆவியாவது தண்ணீர் மட்டும். அதிலிருந்த சுண்ணாம்பு, சிலிக்கா, மண் எல்லாம் டவரிலேயே தங்குகின்றன. ஆவியானதை ஈடுகட்ட மேக்கப் தண்ணீர் வர வர அவை கூடிக்கொண்டே போகும். கொஞ்சம் தண்ணீரை வெளியே விட்டுத்தான் சமாளிக்க வேண்டும். சுண்ணாம்புக்கு இன்னொரு குணம் உண்டு. ஃபில்ஸில் மெலிதாகப் பரவும் தண்ணீரிலிருந்து கரியமில வாயு வெளியேறும், காரத்தன்மை ஏறும், சுண்ணாம்பு அங்கேயே தகட்டில் படியும். பாசியும் பாக்டீரியாவும் கொழகொழவென்று ஒரு படலம் போட்டிருந்தால் மிதந்து வரும் வண்டல் அதில் ஒட்டிக்கொள்ளும். பரப்பைக் கூட்ட நெளியை எவ்வளவு குறுக்குகிறோமோ, அவ்வளவு சீக்கிரம் இந்தச் சகதி வழியை அடைக்கும்.

இது ஏட்டுப் பாடம் இல்லை. எழுபது எண்பதுகளில் அமெரிக்க மின் நிலையங்கள் பல, குறுக்கு நெளி பிவிசி ஃபில்ஸின் கணக்கைப் பார்த்து மயங்கின. பழைய ஸ்பிளாஷை எடுத்துவிட்டு இதை அடுக்கினார்கள். முதலில் தண்ணீர் அருமையாகக் குளிர்ந்தது. அப்புறம் ஆற்றுத் தண்ணீரின் வண்டல் ஏறியது. முப்பது கிலோ கட்டு பல மடங்கு கனத்து, தாங்கும் சட்டத்தையும் முறித்துக்கொண்டு டவரின் அடியிலுள்ள பேசினில் விழுந்த கதைகள் அந்தத் துறையில் நிறைய. அந்த அனுபவத்திலிருந்து வந்ததுதான் நெளி அகலமாக, தடம் ஏறக்குறைய நேராக ஓடும் வகை. காகிதத்தில் அது குறைந்த ரகம். அழுக்குத் தண்ணீரில் பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் அதுதான் நின்றிருக்கும்.

தகட்டுக்கு வரும் மற்ற சாவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 55 டிகிரிக்கு மேல் தண்ணீர் வந்தால் சாதா பிவிசி தளர்ந்து தொய்ந்துவிடும். வெயில் படும் ஓரங்களில் வெளுத்து, தொட்டால் அப்பளமாக நொறுங்கும். அடைப்பை எடுக்கிறேன் பேர்வழி என்று ஹை பிரஷர் ஜெட்டைப் பிடித்தால் கால் மில்லிமீட்டர் தகடு கிழியாமல் என்ன செய்யும்? மெயின்டனன்ஸுக்கு மேலே ஏறுகிறவர் பலகை போடாமல் நடப்பது இன்னொன்று. ஷூ பதிந்த இடத்தில் நெளிகள் நசுங்கி வாய் மூடிக்கொள்ளும். தண்ணீர் அங்கே தேங்கி ஓரமாக வழிந்துவிடும். அந்தத் தடத்தில் அதற்குப் பிறகு காற்றும் ஏறாது. ஃபில்ஸைத் திறந்து பார்த்தால் யார் எந்தப் பக்கமாகத் தண்ணீர் தெளிக்கும் நாசிலுக்குப் போனார்கள் என்று சொல்லிவிடலாம்.

சகதியை எடைக் கணக்காக மட்டும் பார்ப்பதும் ஆபத்து. வெதுவெதுப்பு, ஈரம், கொழகொழப்பு மூன்றும் சேர்ந்த இடம் லெஜியோனெல்லா பாக்டீரியாவுக்குத் தாய்வீடு. காற்றோடு போகும் நுண்துளிகளில் ஏறி அது தெருவுக்கு வரும். 2015-ல் நியூயார்க்கின் தெற்கு பிராங்க்ஸில் 138 பேர் நிமோனியாவில் விழுந்து 16 பேர் இறந்தார்கள். ஒரு ஹோட்டலின் கூலிங் டவர்தான் மூலம் என்று கண்டுபிடித்தார்கள். அந்த ஆண்டே ஒவ்வொரு கூலிங் டவரையும் பதிவு செய்யச் சொல்லி அந்த நகரம் சட்டம் போட்டது. நம் ஊர் மாடிகளில் நிற்கும் டவர்களுக்கும் இப்படியொரு பதிவேடு வேண்டும் என்பது என் கட்சி.

இங்கே ஃபில்ஸுக்கு நெருக்கடி இனிக் கூடத்தான் போகிறது. 2015 டிசம்பரில் வந்த மத்திய அரசின் அறிவிக்கை, அனல்மின் நிலையங்கள் ஒரு மெகாவாட்-மணி மின்சாரத்துக்கு 3.5 கன மீட்டர் தண்ணீருக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்றது. நியாயமான விதி. ஆனால் அதே தண்ணீரைக் கூடுதல் சுற்று ஓட்டினால், ஃபில்ஸில் இறங்கும் தண்ணீர் முன்னைவிட உப்பாகத்தான் இருக்கும். சென்னையில் 2019 முதல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சவ்வூடு வடிகட்டல் வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குத் தரும் நிலையங்கள் வந்துவிட்டன. அவ்வளவு தூரம் சுத்திகரித்தால் கவலையில்லை. பாதியில் நிறுத்திய கழிவுநீரில் பாஸ்பேட்டும் அம்மோனியாவும் மிஞ்சும். பாசிக்கு அதைவிடத் தீனி வேண்டாம்.

கடைசியில் கழற்றிய ஃபில்ஸ் காயலான் கடைக்குப் போகிறது. சுத்தமான பிவிசி என்றால் அரைத்து மறுபடி பைப்பாகவோ தகடாகவோ வார்க்கலாம். சுண்ணாம்பு ஏறியதை எடுத்துக்கொள்ள ஆள் கிடைப்பது கஷ்டம். எரிப்பது மட்டும் கூடவே கூடாது. ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சினும் கிளம்பும்.

புது ஃபில்ஸுக்குக் கொட்டேஷன் கேட்கும் பிளாண்ட் மேனேஜர்களுக்கு ஒரு வார்த்தை: விலைப்பட்டியலைப் பிரிப்பதற்கு முன் உங்கள் தண்ணீரின் லேப் ரிப்போர்ட்டைப் பிரியுங்கள். கோடையிலும் மழைக்காலத்திலும் எடுத்த இரண்டையும் பாருங்கள். வண்டல் அதிகம் என்றால் அகல நெளியை வாங்குங்கள்; இன்னும் மோசம் என்றால் ஸ்பிளாஷுக்கே திரும்பிவிடுங்கள். போட்ட பிறகு, எடுத்துப் பார்க்க வசதியான இடத்தில் ஒரு கட்டைத் தனியாக வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடை போட்டு நோட்டில் எழுதி வாருங்கள்.