கடைப்பெட்டியிலிருந்து ரொக்கம்: ஒரு வரம்பின் வரலாறு

கடையில் டெபிட் அட்டையைத் தேய்த்துப் பொருளோடு ரொக்கத்தையும் பெற்றுக்கொள்வதற்குப் பிரிட்டனில் 'கேஷ்பேக்' என்று பெயர். இந்தியாவில் அச்சொல் தள்ளுபடியைக் குறிக்கப் போய்விட்டது. சேவையோ மக்கள் வழக்கில் பெயரின்றி நிற்கிறது. ஆயினும் அதற்கு ஒரு வரலாறு உண்டு. அதனை அதன் உச்சவரம்புகளின் வழியே வாசிக்கலாம்.

2009 ஜூலையில் ரிசர்வ் வங்கி இதற்கு இசைவளித்தபோது வரம்பு நாளொன்றுக்கு 1,000 ரூபாய். பொருள் வாங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2015 ஆகஸ்டில் மக்கள்தொகை அளவுகோலாயிற்று: 50,000-க்குக் குறைவானோர் வாழும் ஊர்களில் நாளொன்றுக்கு 2,000, பெரிய ஊர்களில் பழைய 1,000. கட்டணம் 1 விழுக்காட்டைத் தாண்டலாகாது. ஏடிஎம் அருகிய ஊர்களுக்குச் சற்றுக் கூடுதல் இடமளித்த ஏற்பாடு இது.

2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கத்தை ஒட்டி எல்லா ஊர்களுக்கும் 2,000 என்றாக்கி, டிசம்பர் 30 வரை கட்டணத்தையும் நீக்கினார்கள். பெட்ரோல் நிலையங்களும் ரொக்கம் வழங்க அழைக்கப்பட்டன. எந்தச் சுற்றறிக்கையும் விதிக்காத வரம்பு ஒன்று அப்போது புலப்பட்டது. கடைக்காரரின் பெட்டியில் செல்லத்தக்க நோட்டு இருந்தால்தானே அவர் எடுத்துத் தர முடியும்? நாட்டில் ரொக்கம் வற்றும்போது இந்த ஊற்றும் வற்றிவிடும்.

2021 மே மாதத்தில் ஊர் வேறுபாடு நீங்கியது. எங்கும் ஒரு பரிவர்த்தனைக்கு 2,000. மாதத்திற்கு மொத்தம் 10,000. மேலோட்டமாகப் பார்த்தால் நகரத்தவருக்கு வரம்பு இரட்டித்தது, சிற்றூராருக்கு மாற்றமில்லை. ஆனால் எண்ணுக்கு முன் நிற்கும் சொல்லைக் கவனிக்க வேண்டும். 'நாளொன்றுக்கு' என்பது போய் 'பரிவர்த்தனைக்கு', 'மாதத்திற்கு' என்ற அலகுகள் வந்துவிட்டன. முந்தைய விதிப்படி 30 நாளில் சிற்றூரார் 60,000 வரையிலும் நகரத்தவர் 30,000 வரையிலும் எடுக்க இயலும். புதிய விதியில் இருவருக்கும் 10,000. முழுத்தொகையாக ஐந்து முறை எடுத்தால் அம்மாதக் கணக்கு முடிந்தது. ஏடிஎம் இல்லாத ஊரில் மாதச் சம்பளத்தைக் கடைவழியே ரொக்கமாக்க நினைக்கும் குடும்பத்திற்கு இது சிறிய மாற்றமன்று.

எண்களை மட்டும் அட்டவணையிட்டால் 1,000, 2,000 என ஏறுமுகமே தெரியும். அலகுகளையும் சேர்த்து வாசித்தால், சமன்பாடு என்ற பெயரில் இருவருக்கும் குறைந்திருப்பதும், அதிகம் இழந்தது சிற்றூர் என்பதும் தெரியவரும்.