6 அடி நீளம், 680 லிட்டர், 1 டன் எடை: வீட்டில் வைக்கும் 'பெரிய' பவளத் தொட்டி என்பது எது?

2003-ல் வெளியான 'ஃபைண்டிங் நீமோ' படத்தில் வரும் டோரியை ஞாபகம் இருக்கிறதா? அந்த நீல மீன் கடையில் விற்கும்போது நம் கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். வளர்ந்தால் ஓர் அடி. பவளப்பாறை ஓரமாக நாள் முழுக்க நீந்திக்கொண்டே இருக்கிற ஜாதி. அதை 3 அடி தொட்டியில் விட்டால் நாலு வாலடிப்பில் கண்ணாடியில் முட்டி நிற்கும். அனுபவசாலிகள் இதற்குக் குறைந்தது 6 அடி நீளத் தொட்டி வேண்டும் என்கிறார்கள். 'பெரிய தொட்டி' என்ற பேச்சு பெரும்பாலும் இப்படி ஒரு மீனிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

முதலில் ஒரு விளக்கம். ரீஃப் டேங்க் என்றால் உப்புத்தண்ணீரில் மீன் வளர்ப்பது மட்டுமல்ல, உயிருள்ள பவளங்களையும் சேர்த்து வளர்ப்பது. பவளம் கல்லும் இல்லை, செடியும் இல்லை. அது ஒரு விலங்கு. அதன் உடம்புக்குள் இருக்கும் நுண்பாசி வெளிச்சத்தை வைத்து உணவு தயாரிக்கிறது. அதனால் விளக்கு, உப்பு, வெப்பநிலை என்று எல்லாமே கணக்காக இருக்க வேண்டும்.

எத்தனை லிட்டர் இருந்தால் பெரிசு?

இதற்குச் சட்டமோ, அதிகாரப்பூர்வ அளவுகோலோ கிடையாது. புழக்கத்தில் இருக்கும் பேச்சுவழக்குதான். அமெரிக்காவில் கேலன் கணக்கு. ஒரு கேலன் சுமார் 3.8 லிட்டர். 30 கேலனுக்குக் கீழே என்றால் 'நானோ'. 75 முதல் 120 கேலன் வரையிலான 4 அடி தொட்டிகள் நடுத்தரம். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்று 180 கேலனுக்கு வந்துவிட்டால் 'பெரிய தொட்டி' என்று சொல்ல யாரும் தயங்குவதில்லை. 8 அடி, 300 கேலன் என்று போனால் அது தனி உலகம்.

180 கேலன் என்பது 680 லிட்டர். "அவ்வளவுதானா? எங்க வீட்டு மாடியில இருக்கிற சின்டெக்ஸே 1,000 லிட்டர்" என்று தோன்றலாம். நியாயம்தான். ஆனால் அந்த சின்டெக்ஸை ஹாலில், சோபாவுக்குப் பக்கத்தில், கண்ணாடியில் செய்து வைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஒருவர் "என்னுடையது 250 கேலன்" என்றால் எதைச் சொல்கிறார் என்று கேட்க வேண்டும். தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் 'சம்ப்' என்று இன்னொரு தொட்டி இருக்கும். தண்ணீர் அதில் இறங்கி, வடிகட்டப்பட்டு, மோட்டாரில் மேலே ஏறும். சிலர் இரண்டையும் கூட்டிச் சொல்வார்கள், சிலர் மேலே தெரிவதை மட்டும். உள்ளே கிடக்கும் பாறையும் மணலும் அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்தால் உண்மையான தண்ணீர் இன்னும் குறைவு. மருந்தோ ரசாயனமோ ஊற்றும்போது இந்தக் கணக்கு தப்பினால் அளவும் தப்பும்.

என்னைக் கேட்டால் லிட்டரைவிட நல்ல அளவுகோல் ஒன்று இருக்கிறது. தொட்டி ஒரு மேசை நாற்காலி போல இருக்கும்வரை அது சின்னது. வீட்டின் தரை, ஒயரிங், பிளம்பிங், காற்றோட்டம் எல்லாம் அதற்காக மாற வேண்டி வந்தால் அது பெரியது.

தரை தாங்குமா?

680 லிட்டர் கடல்நீர் மட்டும் கிட்டத்தட்ட 700 கிலோ. பாறை, மணல், கண்ணாடி, ஸ்டாண்ட், சம்ப் எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னைத் தொட்டுவிடும். ஒரு ஹேட்ச்பேக் காரை 12 சதுர அடியில் நிறுத்தி வைப்பது மாதிரி. சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 900 கிலோ.

இந்தியத் தர விதிகளின்படி வீட்டு அறைகளின் தளம் சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ பாரத்துக்கு வடிவமைக்கப்படுகிறது. அமெரிக்க வீடுகளிலும் கிட்டத்தட்ட இதே அளவுதான், ஆனால் அங்கே பல வீடுகளில் தளம் மரம். இதைப் பார்த்து உடனே பயப்பட வேண்டாம். அந்த 200 கிலோ அறை முழுக்கப் பரவிய பாரத்துக்கான கணக்கு. ஒரே இடத்தில் விழும் பாரம் தாங்குமா என்பது கீழே உத்தரம் எங்கே போகிறது, தாங்கு சுவர் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால்தான் அங்கே பலர் இதை பேஸ்மென்ட்டில் வைக்கிறார்கள். மாடி வீடு என்றால் இதைச் சொல்ல வேண்டியவர் கட்டுமானப் பொறியாளர், மீன் கடைக்காரர் அல்ல.

கண்ணாடி மீதான அழுத்தம் தொட்டியின் நீளத்தைப் பொறுத்தது இல்லை, உயரத்தைப் பொறுத்தது. உயரம் கூடக் கூட கண்ணாடி தடிமனாக வேண்டும். இரண்டரை அடி தாண்டினால் கை அடிவரை எட்டாது என்பது வேறு விஷயம். 2022 டிசம்பர் 16 அன்று பெர்லினில் ஹோட்டலுக்குள் இருந்த 'அக்வாடோம்' என்ற ராட்சதத் தொட்டி வெடித்து, 10 லட்சம் லிட்டர் தண்ணீர் தெருவரை ஓடியதை டிவியில் பார்த்திருப்பீர்கள். வீட்டுத் தொட்டி அதன் முன்னால் தூசு. ஆனால் 680 லிட்டர் உப்புத்தண்ணீர் கீழ் வீட்டுக்காரர் தலையில் இறங்கினால் அவருக்கு அது தூசாகத் தெரியாது.

தினமும் சுண்ணாம்பு கேட்கும் பவளம்

கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. முதல்முறை நிரப்பவே 24 கிலோ செயற்கைக் கடல் உப்பு வேண்டும். பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினால் ஒவ்வொரு தடவையும் 68 லிட்டர், 2.4 கிலோ உப்பு. குழாய்த் தண்ணீர் ஆகாது, ஆர்ஓ தண்ணீரையும் மேலும் சுத்திகரிக்க வேண்டும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு 3, 4 லிட்டர் வீணாவது சகஜம்.

இதைவிட முக்கியமானது பவளத்தின் பசி. கல் பவளங்கள் தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்து எலும்புக்கூடு கட்டுகின்றன. கார்பனேட் அளவை 'டிகிரி கேஹெச்' என்ற அலகில் அளப்பார்கள். 8 முதல் 12-க்குள் இருக்க வேண்டும். பவளம் நிறைந்த தொட்டியில் இது ஒரே நாளில் 2 டிகிரி குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். 680 லிட்டருக்குக் கணக்குப் போட்டால் நாளுக்கு 24 கிராம் சுண்ணாம்புக்கல். வருஷத்துக்கு கிட்டத்தட்ட 9 கிலோ! ஹாலில் உட்கார்ந்தபடியே அந்தப் பிராணிகள் 9 கிலோ கல் கட்டியிருக்கும். அதற்கான சரக்கை நாம்தான் தினமும் ஊற்ற வேண்டும். 10 கேலன் தொட்டிக்கு ஒரு சின்ன பாட்டில் மருந்து போதும். இங்கே தானாக ஊற்றும் பம்போ கால்சியம் ரியாக்டரோ இல்லாமல் சமாளிப்பது கஷ்டம்.

இன்னொன்று பலர் யோசிக்காதது. தொட்டியிலிருந்து தினமும் பல லிட்டர் தண்ணீர் ஆவியாகும். உப்பு உள்ளேயே தங்கிவிடும் என்பதால் அந்த இழப்பை நல்ல தண்ணீரால் ஈடுகட்ட வேண்டும். ஆவியான தண்ணீர் எங்கே போகும்? வீட்டுக்குள்தான். குளிர் நாடுகளில் ஜன்னலை மூடியே வைத்திருப்பதால் சுவரில் பூஞ்சை பிடிக்கிறது. எக்ஸாஸ்ட் ஃபேன் போட வேண்டிவருகிறது. சென்னை மாதிரி ஊரில் பிரச்னை தலைகீழ்: தண்ணீரை 24 முதல் 27 டிகிரிக்குள் வைக்க சில்லர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

பெரிசு நல்லதா, சின்னது நல்லதா?

இங்கேதான் ஒரு விசித்திரம். பெரிய தொட்டிதான் நிதானமானது. ஒரு மீன் செத்தால் சின்னத் தொட்டியின் தண்ணீர் ஒரே ராத்திரியில் கெட்டுப்போகும். 680 லிட்டரில் அந்த அழுக்கு கரைந்துவிடும். வெப்பமும் உப்பும் மெதுவாகத்தான் மாறும். ஆனால் கரண்ட் போய் நீரோட்டம் நின்றால் ஆக்ஸிஜன் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். அப்போது பேட்டரியில் ஓடும் பம்ப் ஒன்றாவது இல்லாவிட்டால் பல வருஷம் வளர்த்த பவளமும் மீனும் மொத்தமாகப் போகும். நோய் பிடித்த ஒரு மீனைப் பிடிக்க பாறைகளை எல்லாம் பிரித்து வெளியே எடுக்க வேண்டிய கூத்தும் பெரிய தொட்டியில்தான்.

நம்ம ஊரில் வைக்கலாமா?

வெளிநாட்டு வீடியோ பார்த்து ஆசைப்படுபவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவில் கல் பவளங்கள், கறுப்புப் பவளம், கடல் விசிறி எல்லாம் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டு எடுத்தாலும் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். "ஏற்கெனவே செத்த பவளம்தானே" என்ற சமாதானமும் எடுபடாது.

நீமோவுக்கு மட்டும் வழி இருக்கிறது. கோமாளி மீனைக் கடலிலிருந்து பிடிக்காமல், முட்டையிலிருந்தே வளர்க்கும் முறையை மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியிருக்கிறது. ஒரு ஜோடிக்கு 6 அடி தொட்டியெல்லாம் தேவையே இல்லை, 30 கேலன் தாராளம்.