'லவ் படம் போடுக்கா!' - 11 வயசுக் குழந்தை கேட்டா, எதை வெச்சு முடிவு பண்றது?

லீவு நாள். பெரியவங்க எல்லாரும் தூங்கப் போயாச்சு. ரிமோட் உங்க கையில. பக்கத்துல உட்கார்ந்திருக்கிற 11 வயசு சித்தி பொண்ணு, "அக்கா, இந்தப் படம் போடுக்கா. என் கிளாஸ்ல எல்லாரும் பார்த்துட்டாங்க"ன்னு கெஞ்சுறா. போஸ்டர்ல ஹீரோவும் ஹீரோயினும் நெத்தியோட நெத்தி முட்டிக்கிட்டு நிக்கிறாங்க. போடலாமா, வேணாமா?

நம்ம வீடுகள்ல இதுக்கு இருக்கிற ஒரே அளவுகோல், 'முத்தம் இருக்கா?' என்பதுதான். இருந்தா வேணாம், இல்லைன்னா ஓகே. தெரியாம வந்துட்டா ரிமோட்டைத் தேடும் படலம் ஆரம்பிக்கும். அப்பாவுக்குத் திடீர்னு தாகம் எடுக்கும், அம்மாவுக்கு அடுப்புல வெச்ச பால் ஞாபகத்துக்கு வரும்.

ஆனா ஒரு விஷயம் யோசிச்சுப் பாருங்க. 10 முதல் 12 வயசுக் குழந்தை முத்தக் காட்சியைப் பார்த்தா 'ச்சீ'ன்னு சொல்லி தலையணையில முகத்தைப் புதைச்சுக்கும். தனக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒண்ணு நடக்குதுன்னு அதுக்கே தெரியும். அதே குழந்தை, 'வேணாம்'னு சொன்ன பொண்ணு பின்னாடி ஹீரோ ஆறு மாசம் சுத்தி, கடைசியில அவ சிரிக்கிறதைப் பார்த்தா முகத்தை மூடிக்காது. ரசிச்சுக் கைதட்டும். மனசுல தங்குறது இந்த ரெண்டாவதுதான்.

இந்த வயசு ரெண்டுங்கெட்டான் வயசு. உடம்புல மாற்றம் ஆரம்பிச்சிருக்கும். கிளாஸ்ல யார் பேரை யாரோட சேர்த்துச் சொல்றாங்கங்கிறது பெரிய செய்தியா இருக்கும். காதல்னா என்னன்னு தெரிஞ்சுக்க ஆசை இருக்கும், ஆனா சொந்த அனுபவம் எதுவும் இருக்காது. நாம ஒரு படத்தைப் பார்த்தா, 'நிஜத்துல இப்படி நடக்குமா?'ன்னு ஒப்பிட்டுப் பார்க்க நாலு அனுபவம் கையில இருக்கு. அவங்களுக்குப் படம்தான் பாடப் புத்தகம்.

சர்ட்டிஃபிகேட் என்ன சொல்லும், என்ன சொல்லாது?

முன்னாடி 'யு', 'யு/ஏ', 'ஏ'ன்னு மூணுதான் நமக்குப் பழக்கம். 2023-ல ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தி, அந்த நடுப் பிரிவை யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ன்னு மூணாப் பிரிச்சிட்டாங்க. 'ஏ' படத்தை 18 வயசுக்குக் கீழ இருக்கிறவங்க தியேட்டர்ல பார்க்கவே கூடாது. ஆனா யுஏ அப்படி இல்லை. அது பெற்றோருக்கான எச்சரிக்கை மட்டும்தான், தடை கிடையாது. 13+ன்னு போட்டிருக்கிற படத்துக்கு 11 வயசுப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போறதும் போகாததும் வீட்டுல இருக்கிறவங்க முடிவு.

ஓடிடி-க்கு 2021-லயே இதே மாதிரி வயசுப் பிரிவுகள் வந்தாச்சு. அங்க சென்சார் போர்டு பார்க்கிறதில்லை, அந்தந்த நிறுவனமே வகைப்படுத்திக்கணும். 13+க்கும் அதுக்கு மேல உள்ளதுக்கும் பெற்றோர் பூட்டு வசதி கொடுக்கணும்னு விதி இருக்கு. படம் ஆரம்பிக்கும்போது திரையோட ஓரத்துல ரெண்டு செகண்ட் வந்து போகுமே 'வன்முறை', 'கெட்ட வார்த்தை', 'புகையிலை'ன்னு, அதுவும் விதிப்படி வர்றதுதான். நாமதான் அந்த நேரத்துல பாப்கார்ன் எடுக்கப் போயிடறோம்.

இணையத்துல ஐஎம்டிபி-யோட பெற்றோர் வழிகாட்டிப் பக்கமும் உதவும். பாலியல் காட்சி, வன்முறை, கெட்ட வார்த்தை, மது - சிகரெட், பயமுறுத்துற காட்சின்னு தனித்தனியாப் பிரிச்சுப் போட்டிருப்பாங்க. ஆங்கிலப் படம்னா 'காமன் சென்ஸ் மீடியா' தளம், எந்த வயசுக்கு ஏத்ததுன்னு நேரடியாவே சொல்லும்.

இதெல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனா இந்த லேபிள்கள் பெரும்பாலும் திரையில என்ன தெரியுதுங்கிறதை எண்ணுதே தவிர, படம் எதைச் சரின்னு சொல்லுதுங்கிறதைச் சொல்றதில்லை. ரத்தம் இல்லாம, முத்தம் இல்லாம, கெட்ட வார்த்தை இல்லாம ஒரு பையன் ஒரு பொண்ணை மூணு பாட்டு முழுக்கத் துரத்தலாம். எந்தக் கட்டத்துலயும் டிக் விழாது.

'நோ' சொன்னதுக்கு அப்புறம் என்ன நடக்குது?

நான் முதல்ல பார்க்கிறது இதைத்தான். படத்துல ஒருத்தர் 'எனக்கு விருப்பமில்லை'ன்னு சொல்ற இடம் எது, அதுக்கு அடுத்த அரை மணி நேரம் என்ன ஆகுது?

2016-ல வந்த 'ரெமோ'வை எடுத்துக்கோங்க. குழந்தைகளுக்குப் பிடிச்ச சிவகார்த்திகேயன், கலர்ஃபுல்லான பாட்டு, நர்ஸ் வேஷ காமெடி. குடும்பத்தோட சிரிச்சுப் பார்த்த படம். ஆனா கதை என்ன? நிச்சயமான ஒரு டாக்டர் பொண்ணோட மனசை மாத்துறதுக்காக, ஹீரோ வேஷம் போட்டு அவளோட வேலை இடத்துக்குள்ள நுழைஞ்சு, தோழியா நடிச்சு, அவ நம்பிச் சொல்றதை எல்லாம் தனக்குச் சாதகமாப் பயன்படுத்துறாரு. படம் வந்தப்பவே இது துரத்தலைக் காதலாக் காட்டுதுன்னு விமர்சனம் எழுந்துச்சு. 2001-ல வந்த 'மின்னலே'யும் கிட்டத்தட்ட இதே ரூட்தான். அவ கல்யாணம் பண்ணிக்கப்போற ஆளோட பேரையே தன் பேர்னு சொல்லி ஹீரோ பழகுறாரு. உண்மை தெரிஞ்சதும் ஹீரோயின் கொதிச்சுப் போறா, அதுவரைக்கும் நியாயம். ஆனா கடைசியில பொய் சொன்னவருக்குத்தான் பரிசு.

இந்தப் படங்களை எரிச்சுடணும்னு சொல்லலை. 'மின்னலே' பாட்டெல்லாம் என் ப்ளேலிஸ்ட்லயும் இருக்கு. ஆனா, 11 வயசுப் பிள்ளை தனியாப் பார்க்க எது ஆபத்துன்னு கேட்டா, ஒரு முத்தக் காட்சி உள்ள படத்தைவிட இதைத்தான் சொல்வேன். பையனா இருந்தா, 'விடாம முயற்சி பண்ணினா கிடைக்கும்'னு கத்துக்கிறான். பொண்ணா இருந்தா, 'நான் வேணாம்னு சொன்னதுக்கு அர்த்தம் கிடையாது'ன்னு கத்துக்கிறா. நாளைக்கு ஒருத்தன் டியூஷன் வாசல்ல தினமும் வந்து நின்னா, பயப்படணுமா, சந்தோஷப்படணுமான்னு அவளுக்குக் குழப்பம் வரும். வீட்டுல வந்து சொல்றதா, மறைக்கிறதான்னு முடிவு பண்றதும் அந்தக் குழப்பத்துலதான்.

அப்படின்னா எதைத்தான் போடுறது? என்னைக் கேட்டா, ராப் ரெய்னர் இயக்கி 2010-ல வந்த 'ஃப்ளிப்டு'. ஜூலி, பிரைஸ்னு எதிரெதிர் வீட்டுப் பிள்ளைங்க. சின்ன வயசுலேர்ந்து அவன் பின்னாடியே சுத்துறது ஜூலிதான். ஒரே சம்பவத்தை முதல்ல அவன் சொல்வான், அப்புறம் அவ சொல்வா. அவளுக்கு அழகான ஞாபகமா இருக்கிறது, அவனுக்கு மூச்சு முட்டுற தொல்லையா இருக்கும். 'நமக்குப் பிடிச்சிருக்குங்கிறதால எதிர்ல இருக்கிறவங்களுக்கும் பிடிச்சிருக்குன்னு அர்த்தமில்லை'ங்கிறதை இதைவிட எளிமையா குழந்தைக்குப் புரியவைக்க முடியாது. ஜூலி ஆசையாக் கொண்டுவந்து கொடுத்த முட்டையை எல்லாம் அவன் குப்பையில போட்டிருக்கான்னு தெரிஞ்சதும், அவ ஒதுங்கிப் போறா. பின்னாடி அவன் மனசு மாறி, எல்லார் முன்னாடியும் முத்தம் கொடுக்க வரும்போது, அவ ஓடிடறா. படம் அதை வெட்கம்னு காட்டலை. அவளுக்கு வேணாம், அவ்வளவுதான். அதுக்கு அப்புறம் அவன் என்ன பண்றான்ங்கிறதைப் படத்துல பார்த்துக்கோங்க.

'96'-ம் 'காதல்'-ம்

நம்ம ஊர்ப் படம்தான் வேணும்னா, 2018-ல வந்த '96'. தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடத்துல பத்தாவது படிச்ச ராமும் ஜானுவும் 22 வருஷம் கழிச்சு ஒரு ராத்திரி சந்திக்கிறாங்க. ஜானு இப்போ கல்யாணம் ஆகி, ஒரு குழந்தைக்கு அம்மா. ரெண்டு பேரும் அந்த எல்லையை மதிக்கிறாங்க. படத்துல முகம் சுளிக்கிற மாதிரி ஒரு ஷாட் கிடையாது. பள்ளிக்கூடப் பகுதி இந்த வயசுப் பிள்ளைகளுக்கு ரொம்பவே நெருக்கமா இருக்கும். ஆனா, ரெண்டரை மணி நேரத்துக்கு மேல ஓடுற படம், பாதிக்கு மேல பெரியவங்களோட ஏக்கம். பாதியில தூங்கிட்டா கோவிச்சுக்காதீங்க.

இங்கேயும் பேச ஒண்ணு இருக்கு. பத்தாவதுல பிரிஞ்ச பொண்ணை நினைச்சுட்டே ராம் வாழ்க்கை முழுக்கத் தனியா இருக்காரு. அவளுக்குத் தெரியாமலேயே அவ காலேஜுக்குப் போயிருக்காரு, கல்யாணத்தை தூரத்துல நின்னு பார்த்திருக்காரு. நமக்கு அது கண்ணீர். குழந்தைக்கு, 'உண்மையான காதல்னா இப்படித்தான் இருக்கணும் போல'ன்னு தோணலாம். "ராம் சந்தோஷமா இருந்தாரா?"ன்னு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. பதில் சுவாரஸ்யமா வரும்.

பாலாஜி சக்திவேலின் 'காதல்' (2004) வேற மாதிரி. மெக்கானிக் முருகனும் பள்ளிக்கூடப் பொண்ணு ஐஸ்வர்யாவும் மதுரையிலேர்ந்து சென்னைக்கு ஓடிப்போறாங்க. அதுக்கு அந்தப் பொண்ணோட குடும்பம் கொடுக்கிற தண்டனைதான் படம். சாதி இங்க காதலை என்ன பண்ணுதுன்னு மழுப்பாம காட்டின படம், நிச்சயம் பார்க்க வேண்டியது. ஆனா, 11 வயசுல வேணாம். அந்த அடி, கடைசியில முருகன் இருக்கிற நிலைமை, இதையெல்லாம் தாங்குறதுக்கும், 'ஏன் இப்படி?'ன்னு கேட்டு விளங்கிக்கிறதுக்கும் ஒரு பதினஞ்சு வயசாவது ஆகணும். சின்னக் குழந்தைக்கு மிஞ்சுறது பயம் மட்டும்தான்.

2015-ல வந்த மலையாள 'பிரேமம்' பத்தியும் கேட்பாங்க. காலேஜ் பையனுக்கு மலர் டீச்சர் மேல காதல். அவன் காலேஜ் படிக்கிற பெரிய பையன்ங்கிறது நமக்குப் புரியும், ஆறாவது படிக்கிற குழந்தைக்கு டீச்சர்னா டீச்சர்தான். கூட உட்கார்ந்து பார்த்தா பிரச்னை இல்லை.

போன் வந்ததுக்கு அப்புறம் வந்த காதல்

இப்போ வர்ற படங்கள்ல பாதிக் காதல் சாட்லதான் நடக்குது. 'லவ் டுடே' (2022) முழுக்க ரெண்டு பேரோட போன்தான் கதை. ஒருத்தர் போனை இன்னொருத்தர் ஒரு நாள் மாத்தி வெச்சுக்கணும்னு பொண்ணோட அப்பா நிபந்தனை போடுவாரு. காமெடி நல்லா இருக்கும், ஆனா ஆபாசச் சாட், ஃபேக் ஐடி, போலி வீடியோன்னு உள்ளே நிறைய இருக்கு. ஆறாவது, ஏழாவது படிக்கிற பிள்ளைக்கு அதிகம். பத்தாவது தாண்டினவங்க கூட உட்கார்ந்து தாராளமாப் பார்க்கலாம்.

நெட்ஃபிளிக்ஸ்ல வந்த 'டு ஆல் தி பாய்ஸ் ஐ'வ் லவ்டு பிஃபோர்' (2018) 12 வயசை ஒட்டினவங்களுக்கு ஓகே. லாரா ஜீன்கிற 16 வயசுப் பொண்ணு யாருக்கும் அனுப்பாம எழுதிவெச்ச காதல் கடிதங்கள் எப்படியோ போய்ச் சேர்ந்துடுது. அதுல அவ முத்தம் கொடுக்கிறதை யாரோ ரகசியமா வீடியோ எடுத்துப் பரப்பிடறாங்க. அந்த இடத்துல படத்தை ஸ்கிப் பண்ணாதீங்க. முத்தத்துக்காகக் கைநீட்டி ரிமோட்டை எடுத்தா, அதுக்கு அப்புறம் நடக்கிற அநியாயத்தையும் சேர்த்து ஓட்டிவிட்டுடுவீங்க. 'உனக்கு இப்படி நடந்தா தப்பு உன் மேல இல்லை, என்கிட்ட வந்து சொல்லு'ன்னு ஒரு வரி சொல்றதுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

சேர்ந்து பார்க்கும்போது

பிள்ளை உங்களுடையது இல்லைன்னா, முதல்ல அவங்க அம்மா, அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. 'அவங்களுக்குத் தெரிய வேணாம், நாம ரகசியமாப் பார்ப்போம்'னு மட்டும் சொல்லாதீங்க. பெரியவங்களோட சேர்ந்து ரகசியம் காக்கப் பழக்கிவிடுறது, எந்தப் படத்தைவிடவும் மோசம்.

முடிஞ்சா நீங்க ஒருதடவை முன்னாடியே பார்த்துடுங்க. டைம் இல்லைன்னா ட்ரெய்லரை நம்பாதீங்க, அதுல எல்லாமே நல்லாத்தான் இருக்கும். கதைச் சுருக்கத்தைக் கடைசி வரைக்கும் படிங்க. ஸ்பாய்லர் பரவாயில்லை, உங்களுக்குத் தேவையே க்ளைமாக்ஸ்தான்.

படம் ஓடும்போது நடுநடுவுல நிறுத்தி வகுப்பு எடுக்காதீங்க. அடுத்த முறை உங்ககூடப் பார்க்கவே மாட்டாங்க. முடிஞ்சதும் ஒரே ஒரு கேள்வி போதும். "அந்த இடத்துல நீ இருந்தா என்ன பண்ணியிருப்பே?" பதில் வரலைன்னா விட்டுடுங்க. ரெண்டு நாள் கழிச்சு, பைக்ல பின்னாடி உட்கார்ந்து வரும்போது அதுவே பேச ஆரம்பிக்கும்.

'நீங்க காட்டலைன்னா ரீல்ஸ்ல பார்த்துடுவாங்களே'ன்னு ஒரு வாதம் உண்டு. உண்மைதான். ஆனா ரீல்ஸ்ல வர்றது அந்த 30 செகண்ட் மட்டும்தான். முன்னாடி என்ன நடந்துச்சு, அந்தப் பொண்ணு என்ன நினைச்சா, எதுவும் இருக்காது. முழுப் படத்தை உங்க பக்கத்துல உட்கார்ந்து பார்க்கிறது அதைவிட எவ்வளவோ மேல்.

வேணாம்னு முடிவு பண்ணினா, 'உனக்கு வயசு பத்தாது'ன்னு மட்டும் சொல்லி நிறுத்தாதீங்க. அதைச் சொன்ன அடுத்த நிமிஷம் தேடல் பெட்டியில அந்தப் பேர் ஏறிடும். "அதுல ஒருத்தரை ரொம்ப அடிக்கிற சீன் இருக்கு, எனக்கே ரெண்டு நாள் தூக்கம் வரலை. நீ பத்தாவது போனதும் ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்"னு காரணத்தோட தேதியும் கொடுங்க. சொன்ன தேதி வந்தா, ஞாபகமாக் கூப்பிட்டு உட்கார வைங்க.