எங்களுக்குப் பிறகு யார்?

என் பெரியம்மாவின் மகனுக்கு 38 வயது. அறிவுசார் குறைபாட்டோடு பிறந்தவர். ஸ்காபரோவில் எந்த பஸ் எங்கே போகும் என்று கேட்டால் உடனே சொல்வார். ஆனால் காசு எண்ணத் தெரியாது. ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும்போது பெரியம்மா அம்மாவிடம் கேட்டார்: "எங்களுக்குப் பிறகு இவனை ஆர் பாக்கிறது?" அம்மா பதில் சொல்லவில்லை. நான் குனிந்து போனைப் பார்த்தேன்.

கனடாவில் அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

முதலில் அரசு சொன்ன பதில், "எங்களிடம் விட்டுவிடுங்கள்." ஒன்ராறியோவின் ஒரிலியா நகரில் 1876இல் இப்படிப்பட்டவர்களுக்காக ஒரு காப்பகம் திறந்தார்கள். 1960இல் பத்திரிகையாளர் பியர் பெர்டன் உள்ளே போய்ப் பார்த்து எழுதினார். 2,000க்கும் அதிகமானோர் அங்கே நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். அதன்பிறகும் அது மூடப்பட 2009 ஆகிவிட்டது. அங்கே நடந்த கொடுமைகளுக்காக 2013இல் மாகாண முதல்வர் கத்லீன் வின் சட்டமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

மேற்கே பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் இப்படிப்பட்ட காப்பகங்கள் மூடப்பட்டு வந்தன. அங்கே 1989இல் சில பெற்றோர் சேர்ந்து 'பிளான்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பெரியம்மாவின் அதே கேள்விதான் அவர்களுக்கும். அவர்கள் கட்டடம் கட்டவில்லை. ஒவ்வொருவரைச் சுற்றியும் ஒரு நட்பு வட்டத்தைக் கட்டினார்கள். சொந்தக்காரர், அயலவர், பழைய நண்பர் என்று விரும்பி வருபவர்கள்தான் அதில் இருப்பார்கள். அவர்களைத் தேடிச் சேர்த்து, ஒன்றுகூட வைக்க மட்டும் ஓர் ஒருங்கிணைப்பாளர்.

முக்கியமான விஷயம், வட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒருவரையொருவர் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் ஊர் மாறினாலும் மற்றவர்கள் பேசிச் சமாளிப்பார்கள். பணத்துக்கும் ஒரு வழி கேட்டுப் போராடினார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான சேமிப்புத் திட்டம் 2008இல் நாடு முழுவதும் வந்தது.

எங்கள் வீடுகளில் இந்தப் பொறுப்பு பேசாமலே ஒரு அக்காவின் தலையில் விழுந்துவிடுகிறது. "குடும்பம் இருக்குத்தானே" என்போம். ஆனால் குடும்பம் என்றால் ஒரே ஒரு ஆளா?

போன சனிக்கிழமை அண்ணாவோடு 54ஆம் நம்பர் பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரை போனேன். வழியெல்லாம் அவர்தான் விளக்கம் சொன்னார். அடுத்தமுறை என் மச்சானும் வருகிறான். அண்ணாவின் அக்காவுடைய நம்பரை இருவரும் வாங்கி வைத்திருக்கிறோம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், பெரியவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.