ராஜாவுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள்

பூந்தமல்லிக்குச் சற்று முன்னால் இருக்கிறது குமணன்சாவடி. மாங்காட்டு அம்மனைப் பார்க்கப் போகிறவர்கள் திரும்புகிற இடம். மெட்ரோ ரயில் தூண்கள், பிரியாணிக் கடை, ஷேர் ஆட்டோ, ஓயாத ஹாரன்... இந்தச் சந்தடியில் நின்றுகொண்டு, 'குமணன்னா யாருப்பா?' என்று யாரும் கேட்பதில்லை. ஆனால், அந்தப் பெயரைக் கேட்டதும் தமிழ் படித்தவர்களுக்குச் சட்டென்று ஞாபகம் வருகிறவர் ஒருவர் உண்டு. புறநானூற்றுக் குமணன்!

முதிரமலைத் தலைவன். வள்ளல். அவனைப் பாடிய பெருஞ்சித்திரனார், பாரி, ஓரி, காரி என்று ஏழு வள்ளல்களையும் முதலில் வரிசையாகச் சொல்லிவிட்டு, அவர்களுக்குப் பிறகு நீதான் என்று இவனிடம் வருகிறார். அதாவது, குமணன் எட்டாவது ஆள். 'கடையெழு வள்ளல்கள்' பட்டியலில் இடமில்லை. ஆனாலும் அந்த ஏழு பேரில் சிலரின் பெயரைச் சொல்லத் தடுமாறுகிறவர்கள்கூட, குமணன் கதையைத் தடுமாறாமல் சொல்வார்கள்.

தம்பி இளங்குமணன் நாட்டைப் பிடுங்கிக்கொண்டான். அண்ணன் தலைக்கு விலையும் வைத்தான் என்பார்கள். காட்டில் ஒளிந்திருந்த குமணனைத் தேடி, வறுமை தாங்காத ஒரு புலவர் வந்தார். பெயர், பெருந்தலைச் சாத்தனார். கொடுக்க எதுவும் இல்லாத குமணன், 'என் தலையைக் கொண்டு போய்க் கொடுங்கள், பணம் கிடைக்கும்' என்று வாளை நீட்டினான். புலவர் தலையைத் தொடவில்லை. வாளை மட்டும் வாங்கிக்கொண்டு நேரே தம்பியிடம் போனார். வாளைக் காட்டிப் பாடினார். அண்ணன் - தம்பி சேர்ந்தார்கள் என்று கதை முடிகிறது.

இப்போது சொல்லுங்கள், இந்தக் கதையில் காரியத்தை நடத்தியது யார்? ராஜாவா, பசியோடு வந்த புலவரா?

நீண்ட கதைகளில் இது அடிக்கடி நடக்கும். தலைப்பில் ராஜாவின் பெயர் இருக்கும். கதையைத் தூக்கிச் சுமப்பது பக்கத்தில் நிற்கிற இன்னொருவராக இருப்பார். இதற்கு இந்தக் காலத்து உதாரணம் வேண்டுமா? உங்கள் வீட்டில் வீடியோ கேம் ஆடுகிற பிள்ளை இருந்தால், 'ஜெல்டா' என்று சொல்லிப் பாருங்கள்.

ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி 1986-ல் வெளியிட்ட விளையாட்டு 'தி லெஜண்ட் ஆஃப் ஜெல்டா'. ஷிகேரு மியாமோட்டோவும் தகாஷி தெசூகாவும் உருவாக்கியது. வாள், மந்திரம், பாதாளக் குகை, கடத்தப்பட்ட இளவரசி... நம் விட்டலாச்சார்யா படங்களின் சங்கதிகள்தான்! நாற்பது வருஷமாக ஒன்றன்பின் ஒன்றாகப் புதுப் பாகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஜெல்டா என்பது இளவரசியின் பெயர். வாளேந்தி அலைகிற வீரனின் பெயர் லிங்க். அவன் வாயைத் திறந்து வசனம் பேசுவதே கிடையாது. அவன் இடத்தில் ஆடுகிறவர் தன்னையே வைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

நாயகன் ஊமையானால் கதையை யார் பேசுவது? பக்கத்தில் இருப்பவர்கள்தான். முதல் விளையாட்டில், வெறுங்கையோடு குகைக்குள் நுழைகிற வீரனிடம் வாளைக் கொடுப்பவர் ஒரு கிழவர். அவருக்குப் பெயர்கூடக் கிடையாது. 1998-ல் வந்த பாகத்தில் நாவி என்று ஒரு குட்டித் தேவதை, 'இங்கே பார், அங்கே பார்' என்று வீரன் காதைத் துளைத்துக்கொண்டே கூட வரும்.

2000-ல் வந்த 'மஜோராஸ் மாஸ்க்' இன்னும் ஒரு படி மேலே. மூன்று நாளில் நிலா விழுந்து ஊர் அழியப்போகிறது. அந்த ஊரில் ஆஞ்சு என்று ஒரு சத்திரத்துக்காரப் பெண். கல்யாணம் நிச்சயமான மாப்பிள்ளை காஃபேயைக் காணோம். அவனோ சாபத்தால் சின்னப் பையனாகி, வெட்கப்பட்டு ஒளிந்துகொண்டிருக்கிறான். அவர்களைச் சேர்த்து வைக்க மூன்று நாளும் மணி பார்த்து அலைய வேண்டும். சேர்த்து வைக்காவிட்டாலும் ஆட்டத்தில் ஜெயித்துவிடலாம்! ஆனால், ஆடியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வில்லனை வீழ்த்தியது மறந்திருக்கும். ஆஞ்சுவும் காஃபேயும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஜப்பான்காரன் கெட்டிக்காரன்தான். ஆனால், இந்த வித்தை நம் ஊருக்குப் புதிதல்ல. தொண்டை மண்டலத்தில், திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாக்களில் இதே வித்தை தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. அதன் பெயர் தெருக்கூத்து.

பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. வில் வளைப்பு, ராஜசூயம், துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, அரவான் களப்பலி, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று ராத்திரிக்கு ஒரு கதையாகப் போகும். திருவள்ளூர், காஞ்சிபுரம், திருவண்ணாமலை வட்டாரக் கிராமத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு இதுதான் தொடர்கதை, இதுதான் மெகா சீரியல்.

கூத்தில் முதலில் வருபவர் தர்மராஜா அல்ல, துரியோதனன் அல்ல. கட்டியக்காரன்! ராஜாக்களுக்குக் கிரீடம், புஜக்கட்டை என்று மரத்தில் செய்த பளபளக்கும் அணிகள் உண்டு. இவருக்கு அதெல்லாம் கிடையாது. சாதாரண உடுப்பு, முகத்தில் கொஞ்சம் பூச்சு, அவ்வளவுதான். 'மகாராஜா வருகிறார்' என்று கட்டியம் கூறுவது இவர் வேலை. இரண்டு பேர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் ராஜா ஆடிப் பாடிக்கொண்டு நிற்பார். திரை விலகியதும் இவர் கேட்பார், 'ஐயா, தாங்கள் யாரு? எந்த ஊரு?' ராஜா தன் குலப் பெருமையை எல்லாம் முழங்கி முடிப்பார். 'அப்படியா சங்கதி!' என்று ஒரே வார்த்தையில் இவர் காற்றைப் பிடுங்கிவிடுவார். கூட்டம் கொல்லென்று சிரிக்கும்.

இது வெறும் கோமாளி வேலை இல்லை, வாசகர்களே. அஸ்தினாபுரம் எங்கே, நம் ஊர் எங்கே? நடுவில் இருக்கிற தூரத்தைக் கடக்க ஒரு ஆள் வேண்டும். கட்டியக்காரன் உள்ளூர் பாஷையில் பேசுவார். தண்ணீர் வராததை, விலைவாசியை, பஞ்சாயத்துச் சண்டையை எல்லாம் பாரதத்துக்குள் இழுத்து வருவார். சேவகனாகவும் தூதனாகவும் ஊர்க்காரனாகவும் ராத்திரி முழுக்க அவரே மாறிக்கொண்டிருப்பார். அரண்மனைக்குள் நுழைய உங்களுக்கும் எனக்கும் கிடைத்த டிக்கெட் அவர்தான்.

அவர் ஒரு ஆரம்பம்தான். கூத்து மேடையில் இடம் பெற்று, அதற்குப் பிறகு மேடையை விட்டே இறங்கி நடந்த ஒருவர் இருக்கிறார். அரவான்.

அர்ச்சுனனுக்கும் நாக கன்னி உலூபிக்கும் பிறந்தவர். வடமொழி பாரதத்தில் இவர் பெயர் இராவான். எட்டாம் நாள் யுத்தத்தில் அலம்புசன் என்ற ராட்சசன் கையால் சாகிறார். பதினெட்டு நாள் போரில் ஒரு நாள் செய்தி, அவ்வளவே. தமிழில் கதை வேறு. பாண்டவர்கள் ஜெயிக்க, சகல லட்சணமும் பொருந்திய ஒருவரைக் காளிக்குப் பலி கொடுக்க வேண்டும். கிருஷ்ணன், அர்ச்சுனன், அரவான் என்று மூன்றே பேருக்குத்தான் அந்த லட்சணம். முதல் இருவரை விட்டுவிட்டால் போரே நடக்காது. மிச்சம், இந்தப் பையன். ஒன்பதாம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே அரவானின் களப்பலி வந்துவிடுகிறது.

ஊர் மக்கள் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். 'கல்யாணம்கூட ஆகாத பிள்ளையை எப்படிப் பலி கொடுப்பது?' சாகப்போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கிருஷ்ணனே மோகினியாக வந்து ஒரு நாள் மனைவியானான். மறுநாள் விதவையாக அழுதான் என்பது பதில்.

கள்ளக்குறிச்சி மாவட்டம் உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் கூவாகம் கூத்தாண்டவர் கோயில். அந்தக் கூத்தாண்டவர் அரவான்தான். சித்திரை மாதம் அங்கே கூடும் திருநங்கைகள், மோகினியின் இடத்தில் தங்களை வைத்துத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் தாலியறுத்து, வெள்ளைப் புடவை கட்டி, மாரடித்து அழுகிறார்கள். வீடு துரத்திவிட்டது, தெரு கேலி செய்தது. ஆனால், பாரதக் கதையில் அவர்களுக்கு ஒரு இடம் இருந்தது. திருநங்கைகளுக்குத் தமிழ்நாடு அரசு நல வாரியம் அமைத்தது 2008-ல். மூன்றாம் பாலினத்தவர் என்ற அங்கீகாரத்தை உச்ச நீதிமன்றம் கொடுத்தது 2014-ல். அரசாங்கத்துக்கும் கோர்ட்டுக்கும் ரொம்ப முன்னாலேயே அவர்களைச் சேர்த்துக்கொண்டது, ஒரு துணைப் பாத்திரத்தின் கதை!

இன்னொருத்தியையும் பார்த்துவிடுவோம். பொன்னுருவி. கர்ணனின் மனைவி. பெரிய பாரதத்தில் கர்ணனின் மனைவிக்குச் சொல்லிக்கொள்ளும்படி இடம் இல்லை. 'கர்ண மோட்சம்' கூத்தில் அவள்தான் பாதி ராத்திரி. தேரோட்டி மகன் என்று கணவனைத் துச்சமாக நினைத்தவள். கடைசிப் போருக்குப் புறப்படும்போது அவன், தான் குந்தியின் மகன் என்ற உண்மையைச் சொல்கிறான். உடனே அவள் மனம் உடைகிறது. பிறப்பை வைத்து மனுஷனை எடை போட்டால் என்ன ஆகும் என்பதை எந்தப் பிரசங்கியும் இப்படிச் சொன்னதில்லை. முன்வரிசையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பது கர்ணனுக்காக மட்டும் இல்லை.

ஏன் இப்படி? காரணம் எளிது. ராஜா எப்படி நடப்பார் என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்டது. தர்மன் சூதாடியே ஆக வேண்டும், கர்ணன் செத்தே ஆக வேண்டும். அதை மாற்றக் கூத்தாடிக்கு உரிமை இல்லை. ஓரத்தில் நிற்பவர்கள் விஷயத்தில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. தன் ஊரின் கோபத்தை, சிரிப்பை, நியாயத்தை அவர்கள் வாயில் வைக்கலாம். தலைமுறைக்குத் தலைமுறை அவர்கள் வளர்ந்ததற்கு அதுதான் காரணம். ஜெல்டா விளையாட்டிலும் இதுதான் நடந்தது. 2024-ல் வந்த 'எக்கோஸ் ஆஃப் விஸ்டம்' என்ற பாகத்தில், இத்தனை வருஷமாகக் காப்பாற்றப்பட்டுக்கொண்டிருந்த இளவரசி, தானே புறப்பட்டு வீரனைக் காப்பாற்றுகிறாள். நின்டெண்டோ அந்த இடத்துக்கு வர முப்பத்தெட்டு வருஷம் ஆயிற்று.

இதில் ஒரு கவலையும் இருக்கிறது. விடிய விடிய நடக்க வேண்டிய கலை கூத்து. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்கிறது 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதி. திருவிழாவுக்கு விலக்குக் கிடைத்தாலும் நள்ளிரவு வரைதான். தூங்குகிறவர்களுக்கும், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கும் அது நியாயமான விதிதான். நகரம் பூந்தமல்லியைத் தாண்டி வளர வளர, எட்டு மணி நேரக் கூத்தை இரண்டு மணி நேரமாகச் சுருக்கித் தரச் சொல்லும் சபா மேடைகளும் வந்துவிட்டன. அப்படிச் சுருக்கும்போது எதை வெட்டுவார்கள்? கர்ணனை வெட்ட முடியாது, அர்ச்சுனனை வெட்ட முடியாது. கட்டியக்காரனின் கேலியும் பொன்னுருவியின் புலம்பலும்தான் முதலில் கத்திரிக்கு வரும். மிஞ்சுவது ராஜாக்களின் சண்டை. அது எந்த டி.வி-யிலும் கிடைக்குமே!

ஆகவே, அடுத்த முறை உங்கள் பக்கத்தில் கூத்து என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தால், 'பெரிய வேஷம் வர பன்னிரண்டு மணி ஆகும், அப்புறம் போகலாம்' என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். பாய் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு, வீடியோ கேம் ஆடுகிற பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, முதலிலேயே போய் இடம் பிடியுங்கள். கிரீடம் இல்லாமல் ஒருவர் வந்து முதலில் உங்களுக்குத்தான் வணக்கம் சொல்வார்.