தட்டில் பூத்த ரோஜா

"பழைய பீங்கான் தட்டுல அப்படி என்னய்யா இருக்கு?" என்று விடுதி நண்பர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு. ஒரு மனுஷனோட வாழ்க்கையே இருக்கிறது, ஐயா!

இங்கிலாந்தின் டெர்பி ஆலையில் 1774-ல் தொழில் பழகச் சேர்ந்தவர் வில்லியம் பில்லிங்ஸ்லி. ரோஜாவை அடர்த்தியாகத் தீட்டி, ஒளிபடும் இடத்தில் வண்ணத்தைத் தூரிகையாலேயே துடைத்தெடுப்பார். அடியிலுள்ள வெண்மையே இதழின் மினுமினுப்பாகிவிடும். அதோடு நின்றாரா? சொந்தமாகப் பீங்கான் செய்யக் கிளம்பினார். 1813-ல் வேல்ஸின் நான்ட்காரு கிராமத்தில் சூளை வைத்தார். வெளிச்சம் ஊடுருவும் அற்புதப் பீங்கான்! ஆனால் பத்துக்கு ஒன்பது சூளையிலேயே கோணிப்போயின. கைமுதல் கரைந்தது. 1817-ல் இரண்டு மகள்களையும் பறிகொடுத்தார். 1828-ல் மறைந்தார்.

வாங்குமுன் லென்ஸ் வைத்துப் பாருங்கள். புள்ளியும் கோடுமாகத் தெரிந்தால் அச்சு. தூரிகைத் தடம் தெரிந்தால் கைவேலை. பிறகு விளக்குக்கு எதிரே பிடியுங்கள். அவரைக் கடனாளியாக்கிய அந்த வெளிச்சத்துக்குத்தான் இன்று எங்களுக்குள் போட்டி!