கல்லுமலையில் ஒரு கடல் சரித்திரம்

தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலை முருகனைத் தரிசிக்கப் போகாதவர்கள் பேராக்கில் குறைவு. அந்த மலையே ஒரு காலத்தில் கடலடியில் கிடந்தது என்றால் நம்புவீர்களா?

உண்மை அதுதான். கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்பு மலைகள், சுமார் 40 கோடி முதல் 25 கோடி ஆண்டுகளுக்கு முன், பவளம், சிப்பி போன்ற கடல் உயிர்களின் ஓடுகள் படிந்து இறுகிய பாறைகள்.

நத்தைகளின் மூதாதையரும் கடலில் வாழ்ந்தவையே. கரையேறிய நத்தைகளுக்கு ஓடு கட்டச் சுண்ணாம்புச் சத்து தேவை. அது இம்மலைகளில் தாராளம். இடைப்பட்ட மண்ணிலோ குறைவு. கடுகளவு நத்தை ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போவது எளிதல்ல. ஆகவே ஒவ்வொரு மலையும் ஒரு தீவு. தனித்து வாழும் கூட்டத்தில் தோன்றும் சிறு மாற்றம், வெளிக்கலப்பு இல்லாததால் தலைமுறைகள் கடந்து நிலைத்துவிடக்கூடும்.

ஈப்போவின் குனோங் ராப்பாட் இதற்குச் சாட்சி. அங்கு கிடைத்த ஒரு நத்தையை ரூபன் கிளெமென்ட்ஸ் குழுவினர் 2008இல் உலகுக்கு அறிவித்தனர். பெயர் ஓபிஸ்தோஸ்தோமா வெர்மிகுலம். உயரம் 2 மில்லிமீட்டர்கூட இல்லை. பொதுவாக நத்தை ஓடு ஓர் அச்சைச் சுற்றியே சுருளும். இதுவோ நான்கு அச்சுகளைச் சுற்றிச் சுருள்கிறது! சுருள் மூன்று முறை ஓட்டைவிட்டு விலகி, இரண்டு முறை மீண்டும் வந்து ஒட்டுகிறது. நத்தை தன் ஓட்டை வாய் விளிம்பில்தான் கட்டி வளர்க்கிறது; வாய் திரும்பிய பக்கம் ஓடும் திரும்பும். அதனால்தான் இந்தப் புதிய வடிவம் சாத்தியமானது.

ஈயம் தோண்டியபோதும், காடழித்து ரப்பர் நட்டபோதும் இம்மலைகள் பெரும்பாலும் தப்பின. செங்குத்துப் பாறையில் பால்மரம் வளருமா? ஆபத்து கல்லுடைப்பிலும் சிமெண்டிலும் வந்தது. பகாங்கில் புக்கிட் பஞ்சிங் மலை வெட்டித் தீர்க்கப்பட்டது. அங்கு மட்டுமே வாழ்ந்த ஒரு நத்தை இனமும் அதோடு அழிந்தது. பேராக்கில் செம்மோர் அருகே குனோங் கந்தானில் கண்ட புதிய நத்தைக்கு 2014இல் ஆய்வாளர்கள் சூட்டிய பெயர் என்ன தெரியுமா? அம்மலையில் கல் வெட்டிய சிமெண்ட் நிறுவனத்தின் பெயர்!

தோட்டம் விற்கப்பட்டபோது லயத்து மக்கள் மூட்டை முடிச்சுகளோடு பட்டணம் வந்து பிழைத்துக்கொண்டார்கள். மலை போனால் நத்தைக்குப் போக்கிடமில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளில் உருவான மலையை வெடி வைத்துத் தகர்க்கச் சில ஆண்டுகள் போதும். அடுத்த தைப்பூசத்தில் அண்ணாந்து மலையைப் பார்க்கும்போது, இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.